கோடு, நிழல், அதிகாரம்: ஒரு படகுப் படத்தின் முன்கதை

'தகவமைத்துக்கொள்' என்பது நம் காலத்தின் செல்லமான கட்டளைச் சொல். யார், யாருக்குத் தகவமைவது என்கிற கேள்வியை அது பத்திரமாக விழுங்கிவிடும். நான் கோட்டைப்பட்டினத்துக்காரன், பிழைப்புக்குக் கணினியில் வரைபடம் போடுகிறவன். எங்கள் தொழிலில் மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்போடும் இந்தக் கட்டளை வந்து சேரும். அப்படி வந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து பார்க்கிறேன்.

ஆட்டோகேட் மாதிரி மென்பொருளில் நாம் போடுவது கோடும் அளவும்தான். அந்தக் கோட்டுருவத்தின் மேல் வெயில் அடித்தால் எப்படி இருக்கும், மரத்தின் ரேகை எப்படித் தெரியும், நிழல் எங்கே விழும் என்று கணக்கிட்டுப் புகைப்படம் போல ஆக்கித்தர உள்ளே தனியாக ஓர் எந்திரம் உண்டு. 'ரெண்டரிங் எஞ்சின்' என்பார்கள். நிழல் எந்திரம் என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகள் ஆட்டோகேட்டுக்குள் இருந்த நிழல் எந்திரத்தின் பெயர் 'மென்டல் ரே'. 1986இல் பெர்லினில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் சரக்கு. 2007இல் அந்த நிறுவனத்தை என்விடியா வாங்கியது. ஆட்டோகேட்டின் 2016ஆம் பதிப்பில் மென்டல் ரே எடுக்கப்பட்டு வேறொன்று வைக்கப்பட்டது. 2017 நவம்பரில் என்விடியா அதை விற்பதையே நிறுத்திக்கொண்டது. கடையைச் சாத்தியாச்சு, அவ்வளவுதான்.

வரைபடக்காரர்கள் என்ன செய்தார்கள்? தகவமைந்தார்கள்! எந்த விளக்குக்கு எவ்வளவு வெளிச்சம், எந்தப் பரப்புக்கு எவ்வளவு மினுமினுப்பு என்று கைக்குப் பழகியிருந்த எண்களை விட்டுவிட்டு முதலிலிருந்து படித்தார்கள். வீணாய்ப் போன அந்த உழைப்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது வேறு. அதே கோப்பு, அதே கோடு. அளவில் ஒரு நூல்கூட மாறவில்லை. ஆனால் பழைய எந்திரத்தில் வெதுவெதுப்பாகத் தெரிந்த அறை புதியதில் வெளிறிப்போகிறது. அப்படியானால் 'நல்லா இருக்கு, கட்டுங்க' என்று வாடிக்கையாளர் தலையாட்டியது எதைப் பார்த்து? கட்டடத்தையா, எந்திரத்தையா?

இந்த நிழலுக்கு ஒரு பிறந்த வீடு உண்டு. 1963இல் ஐவன் சதர்லாண்ட் எம்.ஐ.டி.யில் செய்த 'ஸ்கெட்ச்பேட்' திரையில் வெறும் கோடுதான் போட்டது. வளைந்த பரப்பில் நிழலை இழைத்துக் காட்டும் வழி உருவானது யூட்டா பல்கலைக்கழகத்தில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வுப் பணத்தில். 1971இல் ஆன்றி கூரோ என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு முறை சொன்னார். பரப்பின் மேல் மினுங்கும் புள்ளிகூட சரியாக விழும்படி அதை மேம்படுத்தியவர் புய் துவொங் ஃபோங், ஹனோயில் பிறந்த வியட்நாமியர். அவருடைய கட்டுரை அச்சானது 1975 ஜூனில். அந்த ஏப்ரல் கடைசியில்தான் சைகோன் விழுந்திருந்தது. எந்தப் பாதுகாப்புத் துறை அவருடைய மண்ணில் குண்டு போட்டதோ அதே துறையின் காசு ஓடிய ஆய்வுக்கூடத்தில், ஒரு பந்தின் மேல் வெளிச்சம் எப்படி வழுக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார் மனிதர். அதே ஆண்டு இறந்தும் போனார். மென்பொருள் பட்டியல்களில் 'ஃபோங்' என்பது இன்று ஒருவகைப் பளபளப்பின் பெயர். பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார் என்பது தெரியாமலே அதைத் தட்டிவிட்டுப் போகிறோம்.

நிழலின் கதை இது. கோட்டின் கதை கப்பல் தச்சர்களிடம் போகிறது. கணினியில் வழவழப்பான வளைவு போடும் ஒரு பெரிய வகையறாவுக்கு 'ஸ்ப்ளைன்' என்று பெயர். ஸ்ப்ளைன் என்பது முதலில் ஒரு மெல்லிய மரச் சட்டம். மேற்கத்தியக் கப்பல் கட்டும் கூடங்களில் தரையில் முழு அளவுக்குப் படம் வரையும்போது அந்தச் சட்டத்தை வளைத்து, ஈயக் கட்டிகளை வைத்து நிறுத்தி, அதன் ஓரமாகக் கோடு இழுப்பார்கள். 1946இல் ஷோன்பர்க் என்ற கணிதவியலாளர் தன்னுடைய சூத்திரங்களுக்கு அந்தச் சட்டத்தின் பெயரையே வைத்தார். தச்சனின் கையறிவு சூத்திரமாகி, சூத்திரம் மென்பொருளாகி, உரிமக் கட்டணம் கட்டி நாம் வாங்குகிற சரக்காக முடிந்திருக்கிறது.

எங்கள் கரையிலும் கோட்டுக்கு ஒரு சொந்த வரலாறு உண்டு. அதிராம்பட்டினம் பக்கத்திலும் அதற்குத் தெற்கே பாக் நீரிணைக் கரையிலும் ஓடிய பாய்மரப் படகு வத்தை. நீளமானது, அடி தட்டையானது, ஆழமில்லாத கடலுக்கென்றே செய்தது. குறுக்கே நீட்டிய பலகையில் ஆள் ஏறி நின்று காற்றுக்குச் சமன் கொடுப்பார்கள். ஷான் மெக்ரெயில், லூசி புளூ முதலான பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1990களில் இதைக் கட்டும் முறையைப் பதிவு செய்தார்கள். தெற்காசியப் படகுகள் பற்றி 2003இல் வந்த அவர்களுடைய நூலிலும் அது இருக்கிறது. காகிதத்தில் வரைபடம் கிடையாது, ஒரு பலகைதான். வங்குகளின், அதாவது படகின் விலாச்சட்டங்களின், வடிவத்தை அதில் கோடாகப் போட்டிருக்கும். நடுப்பகுதியில் வங்கெல்லாம் ஒரே அளவு. அணியத்தை நோக்கியும் பின்பக்கம் நோக்கியும் போகப்போக ஒவ்வொரு வங்கும் எவ்வளவு ஒடுங்க வேண்டும் என்பது அந்தக் கோடுகளிலேயே அடங்கியிருக்கிறது. மத்தியதரைக் கடலின் பழைய கப்பல் கட்டும் முறைகளோடு இதை ஒப்பிட்டு, போர்த்துக்கீசியர் வழியாக வந்திருக்குமோ என்று அந்த ஆய்வாளர்கள் யோசித்தார்கள். இருக்கலாம். நம்மாட்கள் சுயமாக யோசித்திருக்க முடியாது என்கிற பழைய ஐரோப்பிய அனிச்சையாகவும் இருக்கலாம். அதற்குப் பதிலாக 'தமிழன்தான் முதல்ல' என்று குதிப்பதிலும் எனக்கு விருப்பமில்லை.

பலகையைப் புனிதமாக்கவும் வேண்டாம். அது அப்பனிடமிருந்து மகனுக்குப் போகிற, தொழிலுக்குள்ளும் சாதிக்குள்ளும் பூட்டிவைத்த அறிவு. ஆனால் படகு வாங்க வந்தவன் அதே கொட்டகையில் நிற்கிறான். 'அடி இன்னும் நாலு விரக்கடை அகலமாப் போகட்டும் ஆசாரி, வலை வைக்கணும்' என்று அவன் சொல்வதற்கும், கோடு நகர்வதற்கும், வங்கு அறுபடுவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. பேச்சுக்கான இடைவெளி.

1952இல் இந்திய – நார்வே ஒப்பந்தம் கையெழுத்தாகிக் கொல்லம் பக்கம் மீன்வளத் திட்டம் தொடங்கியது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வடிவமைப்பாளர்களும் இந்தியாவுக்கு வந்தார்கள். அவர்களோடு காகிதம் வந்தது. பக்கவாட்டில், மேலிருந்து, முன்னாலிருந்து என்று மூன்று பார்வையில் படகு. படிக்கத் தெரிந்தவனுக்கு எல்லாமே அதில் உண்டு. தெரியாதவனுக்கு அது சிலந்திவலை. ஆசாரிகள் அதற்காகக் கைகட்டி நிற்கவில்லை. ஒரு போட்டைப் பார்த்து அடுத்த போட்டு, அதைப் பார்த்து அதற்கடுத்தது என்று மர விசைப்படகுகளைக் காகிதம் இல்லாமலே பெருக்கினார்கள். அந்தப் பெருக்கம் பாக் நீரிணையை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதைக் கோட்டைப்பட்டினத்திலும் பக்கத்து ஜெகதாப்பட்டினத்திலும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த நெருக்கடிக்கு மருந்தென்று வந்ததுதான் 2017 ஜூலையில் இராமேசுவரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ஆழ்கடல் மீன்பிடித் திட்டம். இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் இழுவலைக்காரர்கள் சூரை மீன் பிடிக்கும் தூண்டில் – செவுள்வலைப் படகுகளுக்கு மாற வேண்டும். மூன்று ஆண்டில் 2000 படகு. ஒன்று 80 லட்சம்: மத்திய அரசு 50 விழுக்காடு, மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. பழைய இழுவலைப் படகை விட்டுவிட வேண்டும். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில்கூடச் சில படகுகள் கட்டப்பட்டன. இலக்கின் பக்கத்தில்கூட எண்ணிக்கை வரவில்லை. கடன் சுமை, ஆழ்கடலின் தூரம், பழகாத தொழில் என்று காரணம் பல. எல்லாப் பழியையும் ஒரு படத்தின் தலையில் கட்டும் அசட்டுத்தனத்தை நான் செய்யப்போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: எட்டு லட்சமும் கடனும் போட்டு, ஓடிக்கொண்டிருக்கிற படகையும் கொடுக்கிறவன், வரப்போகும் படகை எந்த உருவத்தில் முதலில் பார்க்கிறான்? எந்த இடத்தில் கை வைத்து அதைத் திருத்துகிறான்?

கைப்பழக்கத்துக்காக நான் போட்ட ஒரு சூரைப் படகின் நிழல் எந்திரப் படத்தை எங்கள் துறைமுகத்தில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். 'தண்ணி கண்ணாடியாட்டம் கெடக்கே' என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'வாடையில இது எப்படி நிக்கும் தம்பி? வலை இழுக்கிறவன் காலை எங்க ஊனுவான்?' என்றார். வாடைக்காற்றையும் போட்டுக் காட்டலாம் மாமா என்றேன். போடலாம்தான். நிழல் எந்திரத்தில் மேகம் உண்டு, மழை உண்டு, அலைகூட உண்டு. ஆனால் அந்த அலையில் படகு எவ்வளவு சாய்கிறது என்பது நான் சாய்த்து வைப்பது. ஒளி எப்படிப் போகும் என்பது அந்த எந்திரத்துக்கு அத்துபடி. எடையும் மிதப்பும் அதற்குத் தெரியவே தெரியாது. அதைக் கணக்கிடும் மென்பொருள் வேறு. அதன் விடை எண்களாகவும் வளைகோடுகளாகவும் வரும், பொறியாளர் மேசையோடு நின்றுவிடும். கரைக்கு வந்து சேர்வது பளபளப்பு மட்டும்.

மூன்று பார்வைக் காகிதம் எங்கள் ஆட்களை வெளியே நிறுத்தியது. நிழல் எந்திரத்தின் படம் எல்லோரையும் உள்ளே கூப்பிடுகிறது, எழுத்தறியாதவரும் பார்க்கலாம். இது ஒரு ஜனநாயகம் போலத் தோன்றும். ஆனால் காகிதக் கோட்டின் மேல் பென்சில் வைக்கலாம். இந்தப் படத்தின் மேல் எதை வைப்பது? வெயில் விழுந்து, பெயின்ட் அடித்து, கொடியும் கட்டி எல்லாம் முடிந்த மாதிரி நிற்கிற படகைப் பார்த்து 'அடியை அகலமாக்கு' என்று யார் வாய் திறப்பார்கள்? பெரியவரின் கேள்விகூட, தண்ணீர் அளவுக்கு மீறிக் கண்ணாடியாக இருந்ததால் பிறந்த சந்தேகம். அடுத்து வருகிற எந்திரம் தண்ணீரையும் கலக்கிக் காட்டிவிட்டால் அதற்கும் இடமிருக்காது.

இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் தேவையில்லை. ஒரு திட்டம் படகை முடிவு செய்வதற்கு முன், நடு வங்கையும் அணியத்துப் பக்கம் இரண்டு மூன்று வங்குகளையும் மீன் ஏலக்கூடத்துத் தரையில் முழு அளவில் சுண்ணாம்பால் வரையச் சொல்ல வேண்டும். கப்பல் கட்டும் கூடங்களில் இப்படித்தான் வரைந்தார்கள். ஐஸ் பெட்டியை உள்ளே வைத்துப் பார்க்கலாம். வலை இழுக்கிறவன் கோட்டுக்குள் நின்று கால் ஊன்றிப் பார்க்கலாம். ஒத்துவராத கோட்டை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அழித்துவிட்டு மறுபடி போடலாம். கடலுக்குப் போகாத நாளில் ஏலக்கூடம் காலியாகத்தான் கிடக்கிறது.