ஒரு வயலினுக்கு 70 கோடி ரூபாயா?



2011 ஜூன்ல ஒரு ஏலம் நடந்தது.
"லேடி பிளன்ட்" அப்படிங்குற வயலின் 1.59 கோடி டாலருக்குப் போச்சு. அன்றைய மதிப்பில் சுமார் 70 கோடி ரூபாய்!

செய்தவர் அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி. வடக்கு இத்தாலியில் கிரமோனா என்ற சின்ன ஊர். அமாட்டி, குவார்னேரினு தலைமுறை தலைமுறையா வயலின் செஞ்ச குடும்பங்களுக்கும் அதே ஊர் தான்.

1737ல் தொண்ணூறு வயசு தாண்டி இறந்த மனிதர், கடைசி வரைக்கும் பட்டறையை விடலை. சுமார் 1100 இசைக்கருவிகள் செஞ்சிருக்கார். அதுல 650 போல இன்னைக்கும் மிச்சம் இருக்கு.

மேல் பலகை ஸ்ப்ரூஸ் மரம். பின் பலகை மேப்பிள். மேல் பலகையோட தடிமன் வெறும் மூணு மில்லிமீட்டருக்குள்ள தான். அதை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைச்சு செதுக்குறதுல தான் அவரோட கை தெரியும்.

சரி டாக்டர், அப்படி என்ன ரகசியம்?

குளிர் அதிகமான காலத்துல மெதுவா வளர்ந்த மரம்னு சொல்றாங்க. வார்னிஷ்னு சொல்றாங்க. மரத்தை ஊற வச்ச தாது உப்புனு சொல்றாங்க.

இதுல எனக்குப் பிடிச்சது ஒரு சிடி ஸ்கேன் கதை 😀

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக மருத்துவமனை ஆராய்ச்சியாளர் பெரெண்ட் ஸ்டூல். எம்ஃபிசீமா நோயாளிகளோட நுரையீரல் அடர்த்தியை ஸ்கேன்ல அளக்க மென்பொருள் உருவாக்கினவர். வயலின் செய்யும் டெர்ரி போர்மனோட சேர்ந்து 5 பழைய கிரமோனா வயலின், 8 புது வயலினை நியூயார்க்ல மனுஷங்களுக்கு எடுக்குற அதே ஸ்கேன்ல படுக்க வச்சார். 2008ல முடிவு வந்தது.

சராசரி அடர்த்தி ரெண்டுக்கும் ஒண்ணு தான். ஆனா, மரத்தின் ஒவ்வொரு வளையத்திலும் வசந்த காலத்துல வளர்ந்த லேசான பகுதிக்கும் பிறகு வளர்ந்த கெட்டியான பகுதிக்கும் உள்ள வித்தியாசம் பழைய வயலின்ல குறைவு.

இதனால தான் நாதம் நல்லா இருக்குனு அந்த ஆய்வு நிரூபிக்கலை. கவனிங்க.

நாதத்தை நேரடியா சோதிச்சது 2010ல், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகர ஓட்டல் அறையில். வாசிச்சவங்க 21 கலைஞர்கள். புது வயலின் 3, ஸ்ட்ராடிவாரி 2, குவார்னேரி 1. வெளிச்சத்தைக் குறைச்சு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, பழைய மர வாசனை தெரியாம இருக்க சென்ட் கூட தடவினாங்க! கொடுத்தவருக்கும் தெரியாது, வாசிச்சவருக்கும் தெரியாது. நாங்க மருந்துக்குப் பண்ற டபுள் பிளைண்ட் சோதனையே தான்.

"வீட்டுக்கு எதை எடுத்துட்டுப் போவீங்க?"
13 பேர் கைகாட்டினது புது வயலினை. கடைசி இடம் பிடிச்சது ஒரு ஸ்ட்ராடிவாரி.

அதே மருந்து தான், கம்பெனி மாறி மாத்திரை கலர் மாறினா "பழைய மாத்திரை தான் சார் கேட்டுச்சு"னு எங்க ஓபியில சொல்லுவாங்க. உலகத்தர வித்வான்களும் மனுஷங்க தானே.

இன்னொரு விஷயம். இன்னைக்கு மேடையில கேக்குற ஸ்ட்ராடிவாரி நாதம் அவர் கேட்ட நாதமே இல்லை. பெரிய அரங்குகள் வந்த பிறகு கழுத்தை நீட்டிச் சாய்ச்சு, உள்ளிருக்கும் பாஸ் பாரை மாத்தி, தந்தியையும் மாத்திட்டாங்க. ஏறக்குறைய எல்லாத்துக்கும் இந்த ஆபரேஷன் ஆகியிருக்கு.

அப்போ 70 கோடி எதுக்கு?
பேருக்கு. புதுசா ஒண்ணு கூட வராது என்பதற்கு. யார் யார் கையில இருந்தது என்ற வம்சாவளிக்கு. (லேடி பிளன்ட் பணம் ஜப்பான் சுனாமி நிவாரணத்துக்குப் போனதுல எனக்கு சந்தோஷம் தான்.)

இதுல அடி வாங்குறது இளம் கலைஞர்கள். சொந்தமா வாங்கவே முடியாது. அறக்கட்டளையோ பணக்காரரோ இரவல் தரணும், தவணை முடிஞ்சா திருப்பித் தரணும். பேர் பெற்ற வயலின் கையில இல்லைனா நம்ம மதிப்பு குறையுமோ என்ற பயம் வேற. இது எனக்கு நியாயமாப் படலை.

1936ல் நியூயார்க் கார்னகி ஹால்ல, ஹூபர்மன் மேடையில குவார்னேரியை வாசிச்சிட்டு இருந்தப்ப உள் அறையில இருந்த அவரோட ஸ்ட்ராடிவாரி திருடு போச்சு. அது ஜூலியன் ஆல்ட்மன் என்ற கலைஞர்கிட்ட போய்ச் சேர்ந்தது. ஷூ பாலிஷ் பூசி அடையாளத்தை மறைச்சு, ஓட்டல்கள்ல அதை வாசிச்சே பிழைச்சார். 1985ல் சாகப்போற நேரத்துல மனைவிகிட்ட அவரே சொல்ற வரைக்கும், கிட்டத்தட்ட 50 வருஷமா அது ஸ்ட்ராடிவாரினு கேட்ட யாருக்கும் தெரியலை.

இப்போ அது ஜோஷுவா பெல் கையில.