இத்தாலிய மொழியின் இணைப் பிரதிப்பெயர்கள்: வரலாறு

இத்தாலிய மொழியில் நான்காம் வேற்றுமைப் பிரதிப்பெயரும் இரண்டாம் வேற்றுமைப் பிரதிப்பெயரும் அடுத்தடுத்து நின்று ஒரே வினையைச் சார்ந்து வருவது உண்டு. இவ்வடிவங்கள் இணைப் பிரதிப்பெயர்கள் எனப்படும். 'மி' (எனக்கு), 'லோ' (அதை) ஆகிய இரண்டும் சேர்ந்தால் 'மே லோ' என்றாகும். 'மே லோ தாய்' என்பதற்கு 'நீ எனக்கு அதைத் தருகிறாய்' என்று பொருள். நான்காம் வேற்றுமை முன்னே, இரண்டாம் வேற்றுமை பின்னே என்பது இன்றைய விதி. முற்காலத்தில் இவ்வரிசை நேர்மாறாக இருந்தது.

தோற்றம்

இலத்தீன் மொழியின் 'இல்லே' என்னும் சுட்டுச்சொல்லின் வேற்றுமை வடிவங்கள் பேச்சில் அழுத்தம் இழந்து தேய்ந்தன. 'இல்லும்' என்பது 'லோ' எனவும், 'இல்லி' என்பது 'லி' (அவனுக்கு) எனவும் மாறின. தனித்து நிற்கும் வலுவை இழந்ததால் இவை வினையை ஒட்டியே வரலாயின.

வரிசை மாற்றம்

இன்றைய இத்தாலிய மொழிக்கு அடிப்படையான புளோரன்ஸ் நகர வழக்கில், 13ஆம் நூற்றாண்டில் 'லோ மி' (அதை எனக்கு) என்ற வரிசையே இயல்பாக இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் 'மே லோ' பரவியது. அக்கால நூல்களில் இரு வரிசைகளும் கலந்து காணப்படுகின்றன. பின்னர் புதிய வரிசையே நிலைபெற்றது.

பிரெஞ்சு மொழியிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. எனினும் 'அதை அவனுக்கு' என்னும் படர்க்கை இணையில் அம்மொழி பழைய வரிசையை இன்றும் விடவில்லை.

'லியேலே' என்னும் வடிவம்

படர்க்கை இணைக்கு இன்று பால், எண் ஆகியவற்றிற்கேற்ப 'லியேலோ', 'லியேலா', 'லியேலி', 'லியேலே' என நான்கு வடிவங்கள் உள்ளன. பழைய புளோரன்ஸ் வழக்கில் 'லியேலே' ஒன்றே இந்நான்கிற்கும் பொதுவாக நின்றது. பொக்காச்சியோவின் 'தெக்காமெரோன்' நூலிலும் இதனைக் காணலாம். இன்று 'லியேலே' பெண்பால் பன்மையை மட்டுமே குறிக்கும். ஆகவே இன்றைய விதியைக் கொண்டு பழைய உரைநடையைப் படிக்கும் மாணவர், ஒரு பொருளைப் பல பொருள்கள் எனத் தவறாகக் கொள்ள நேரிடும்.

இன்றைய பயன்பாடு

இணைப் பிரதிப்பெயர் பொதுவாக வினைக்கு முன் வரும். முன்னிலை ஏவலிலும் வினையின் மூல வடிவத்திலும் அது வினையின் இறுதியில் ஒட்டி ஒரே சொல்லாகும். 'தம்மேலோ' (அதை எனக்குத் தா) இதற்கு எடுத்துக்காட்டு.

பழைய மயக்கம் ஒன்று தீர்ந்தாலும் மற்றொன்று எஞ்சியுள்ளது. 'லியேலோ' என்பதில் 'அவனுக்கு', 'அவளுக்கு', மரியாதைக்குரிய 'உங்களுக்கு' ஆகிய மூன்றும் அடங்கும். எது பொருந்தும் என்பதை இடமறிந்தே கொள்ள வேண்டும்.