ஆண்டுதோறும் தேர்வு எழுதும் மாணவி



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் மிட்வைஃப். பிரசவம் பார்ப்பதில் பதினெட்டு வருட அனுபவம். காபி குடித்துக்கொண்டே, "லீவு முடிஞ்சு போனதும் எனக்குப் பரீட்சை சார்" என்றாள்.

"இப்போ என்னம்மா பரீட்சை?"

"பிரசவ நேரத்துல குழந்தையோட இதயத்துடிப்பைப் புரிஞ்சுக்கிறதுக்கு சார். வருஷா வருஷம் பயிற்சி, வருஷா வருஷம் டெஸ்ட். டாக்டர்களுக்கும் உண்டு."

"பதினெட்டு வருஷம் பார்த்த வேலைக்கா?"

"அதனாலதான் சார்" என்று சிரித்தாள்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. வரலாறு சொல்லிக்கொடுத்தவன் அல்லவா, பழைய பழக்கத்தில் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்கிறேன்.

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் இதயத்தைக் கேட்க முடியும் என்பதே மருத்துவ உலகுக்கு 200 ஆண்டுகளாகத்தான் தெரியும். 1818-ல் ஜெனீவாவைச் சேர்ந்த பிரான்சுவா மேயர் என்ற அறுவை மருத்துவர், கர்ப்பிணியின் வயிற்றில் காதை வைத்தபோது அதைக் கேட்டதாக அறிவித்தார். 1821-ல் பாரிஸில் கெர்கராடெக் என்ற மருத்துவர், அப்போது புதிதாக வந்திருந்த ஸ்டெதாஸ்கோப்பை ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் வைத்தார். பனிக்குட நீரின் சலசலப்பைக் கேட்கத்தான் நினைத்தார். கேட்டதோ கடிகாரம் ஓடுவது போன்ற சத்தம். எண்ணிப் பார்த்தார், தாயின் நாடியைவிட மிக வேகம். குழந்தையின் இதயம் என்று புரிந்தது.

டப்ளின் ரொட்டுண்டா மகப்பேறு மருத்துவமனையின் எவரி கென்னடி 1833-ல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். பிரான்சின் அடோல்ஃப் பினார் 1895-ல் வடிவமைத்த ஊதுகுழல் போன்ற கருவி, இன்றும் பல நாடுகளில் செவிலியர் கையில் இருக்கிறது. மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். கேட்கத் தெரிந்த காது ஒன்று போதும்.

ஆனால் 'கேட்கத் தெரிந்த' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிறைமாதக் குழந்தையின் இதயம் பொதுவாக நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்கும். ஒவ்வொரு வலியிலும் கர்ப்பப்பை இறுகும்போது, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் குறைகிறது. மூச்சை அடக்கி முங்கிக் குளிப்பது போல, ஆரோக்கியமான குழந்தை அதைத் தாங்கிக்கொள்ளும். வலி ஓய்ந்த பிறகும் துடிப்பு இறங்கியே இருந்து, மெதுவாக மீண்டால் கவனம் தேவை; ஆக்சிஜன் குறைவதன் அடையாளமாக அது இருக்கலாம். அதனால்தான் வலி முடிந்த கையோடு ஒரு நிமிடம் முழுதாகக் கேட்க வேண்டும் என்கிறார்கள். வலிக்கு நடுவே கால் நிமிடம் கேட்டுவிட்டு நான்கால் பெருக்குபவருக்கு இது தெரியவே தெரியாது.

பிறகு இயந்திரம் வந்தது. 1958-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஹான் குழந்தையின் துடிப்பை மின்னணுக் கருவியால் தொடர்ந்து பதிவு செய்யும் முறையை வெளியிட்டார். 1960-களின் கடைசியில் இத்தகைய கருவிகள் விற்பனைக்கு வந்தன. துடிப்பு ஒரு கோடு, வலி ஒரு கோடு என்று காகிதச் சுருளில் ஓடும் சி.டி.ஜி. கருவி பணக்கார நாடுகளின் பிரசவ அறைகளில் வேகமாகப் பரவியது. இனி மூளை பாதித்த குழந்தைகளே பிறக்க மாட்டார்கள் என்றுகூடப் பலர் நம்பினார்கள்.

1985-ல் டப்ளினிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. 12,964 தாய்மார்கள். ஒரு பாதிக்கு இயந்திரம், மறு பாதிக்கு முறையாக இடைவெளி விட்டுக் காதால் கேட்பது. பிறந்த குழந்தைகளுக்கு வரும் வலிப்பு இயந்திரத்தின் பக்கம் பாதியாகக் குறைந்தது. ஆனால் குழந்தை இறப்பில் வித்தியாசமில்லை. அந்தக் குழந்தைகளை 4 வயதில் பார்த்தபோது மூளைவாதமும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது: இயந்திரம் வந்த இடத்தில் சிசேரியன் கூடியிருந்தது.

காரணம் என்ன? கோடு போடுவது இயந்திரம்; பொருள் சொல்வது மனிதர். ஒரே சுருளை இரண்டு நிபுணர்களிடம் காட்டினால் இரண்டு கருத்து வருகிறது. அதே நிபுணரிடம் சில மாதம் கழித்துக் காட்டினால் தன் கருத்துக்கே மாறுபடுகிறார்.

சரி, படிக்கும் வேலையையும் கம்ப்யூட்டரிடமே விட்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 24 மருத்துவமனைகள், சுமார் 47,000 பிரசவங்கள். கோடு தவறினால் கம்ப்யூட்டர் எச்சரிக்கும். 2017-ல் முடிவு வெளியானது: குழந்தைகளின் நிலையில் முன்னேற்றம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பிரிஸ்டல் நகரின் சவுத்மீட் மருத்துவமனை. 2000-ஆம் ஆண்டு அங்கே ஆண்டுக்கு ஒரு நாள் பயிற்சி தொடங்கினார்கள். வெளியூருக்கு அனுப்பவில்லை, சொந்த மருத்துவமனையிலேயே. மூத்த மருத்துவர், இளைய மருத்துவர், மிட்வைஃப் எல்லோரும் ஒரே அறையில். துடிப்புக் கோட்டைப் படிப்பதும் பாடம், அவசர நேரத்தில் யார் யாரிடம் என்ன சொல்வது என்பதும் பாடம். யாருக்கும் விலக்கு இல்லை. 2006-ல் வெளியான கணக்கு இது: ஆக்சிஜன் குறைவால் மூளை பாதித்த குழந்தைகள், பத்தாயிரம் பிறப்புக்கு 27.3 என்பதிலிருந்து 13.6 ஆகக் குறைந்திருந்தார்கள்.

எல்லாப் பயிற்சியும் இப்படிப் பலன் தந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூட வேலை செய்பவர்கள் கூடவே உட்கார்ந்து படித்ததுதான் சவுத்மீடின் சிறப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. "கோடு சரியில்லை டாக்டர், வந்து பாருங்கள்" என்று நள்ளிரவில் ஒரு இளம் செவிலியர் தயங்காமல் சொல்லவும், அவர் எழுந்து வரவும் வேண்டுமே! அந்தத் தயக்கத்தை உடைப்பதற்கும் ஒரு வகுப்பறை தேவைப்படுகிறது.

இப்போது என் கதை. பணியில் இருந்த காலத்தில் பணியிடைப் பயிற்சி என்றாலே எனக்குக் கசப்பு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் பேப்பர் படித்தவன் நான். 'இத்தனை வருஷம் நடத்திய பாடத்தை எனக்கு யார் சொல்லித் தருவது?' என்ற நினைப்பு. நான் தவறாக நடத்தினால் யாரும் உடனே சாகப்போவதில்லை. அதனால் என் தவறு எனக்குத் தெரியவும் இல்லை. எத்தனை பிள்ளைகள் அதற்கு விலை கொடுத்தார்களோ!

புறப்படும்போது, "பரீட்சை நல்லா எழுதும்மா" என்றேன். நாற்பது வருடத்துக்கு முன்பே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய வார்த்தை.

இதைப் படிக்கும் செவிலியர், மருத்துவ நண்பர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நானும் கற்றுக்கொள்கிறேன்.