இரண்டாவது ஆளின் எடை

முன்பதிவுப் படிவத்தில் ஒரு பொய் எழுதினேன். என் எடை 93 கிலோ. 89 என்று போட்டேன். 90 கிலோவைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் என்று படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. காசு மட்டும் காரணம் இல்லை, கொஞ்சம் வெட்கமும்தான். நாலு கிலோதானே, குதிக்கிற நாளுக்குள் குறைத்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்த இரண்டாவது வருடம். அலுவலகத்தில் மூன்று பேர் சேர்ந்து டேண்டம் ஸ்கைடைவிங் போகலாம் என்று முடிவானது. பயிற்றுநர் ஒருவரின் மார்போடு உங்கள் முதுகைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். 13,000 அடி உயரத்தில் ஒரு சின்ன விமானத்தின் வாசலில் இருந்து இருவரும் ஓர் உடம்பாக விழுவீர்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து பாராசூட் விரியும். அதை விரிப்பவர் அவர், தரைக்கு ஓட்டி வருபவரும் அவர். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் நன்றாகவே தெரியும், விமானத்தில் கடிகாரம் மாதிரி ஒரு கருவி அதைக் காட்டிக்கொண்டே இருக்கும். காலை விடுவதுதான் பிரச்சினை.

முதல் தடவை போனபோது மேகம். காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு வரை கொட்டகையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். இரண்டாவது தடவை காற்று. இரண்டு பயணத்திலும் எனக்குக் கிடைத்த பயிற்சி மொத்தம் அரை மணி நேரம் இருக்கும். விமானத்தை விட்டு வெளியேறும்போது இடுப்பை முன்னே தள்ளி வாழைப்பழம் மாதிரி வளையணும், தலையைப் பின்னால் சாய்க்கணும். தோளில் தட்டும் வரை கைகள் மார்புப் பட்டையைப் பிடித்திருக்கணும். இறங்கும்போது காலைத் தூக்கணும். அவ்வளவுதான்.

இது எனக்கு உறுத்தலாக இருந்தது. கார் ஓட்டவே மாதக்கணக்கில் படிக்க வேண்டியிருக்கிறது, வானத்திலிருந்து விழ அரை மணி நேரம் போதுமா? மிச்சப் பயிற்சியை எல்லாம் யார் எடுத்தார்கள்? மூன்றாவது தேதி கிடைப்பதற்கு ஆறு வாரங்கள் ஆயின. அந்த ஆறு வாரமும் இந்தக் கேள்வியோடு பாராசூட்டின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன்.

*

நம் மொழியில் இதற்கு ‘வான்குடை’ என்று ஓர் அழகான சொல் உண்டு. அது வரலாற்றுக்கும் பொருந்திப் போகிறது. பிரான்ஸைச் சேர்ந்த லூயி செபாஸ்டியன் லெனோர்மான் முதலில் சோதித்துப் பார்த்தது இரண்டு குடைகளைத்தான், அவற்றைப் பிடித்துக்கொண்டு மரத்திலிருந்து குதித்தார். பிறகு 1783 டிசம்பரில் மோம்பெல்லியே நகரத்து வானாய்வுக் கோபுரத்திலிருந்து, பதினான்கு அடி அகலமுள்ள குடை போன்ற ஒரு சாதனத்தோடு இறங்கிக் காட்டினார். ‘பாராசூட்’ என்ற சொல்லை உண்டாக்கியவரும் அவரே. விழுவதிலிருந்து காப்பது என்று அதற்குப் பொருள். தீப்பிடித்த கட்டடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் தப்பிக்க உதவும் என்பது அவர் எண்ணம். தொடக்கத்தில் இது கேளிக்கைக்கான பொருள் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கேளிக்கை 1797இல் வந்தது. அக்டோபர் 22 அன்று பாரிஸின் மோன்சோ பூங்காவில் ஆந்த்ரே ஜாக் கார்னரின் பலூனில் ஏறி, ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் கயிற்றை அறுத்தார். பட்டுத்துணிக் குடையின் கீழே ஒரு கூடை, கூடைக்குள் அவர். குடையின் உச்சியில் காற்று வெளியேற வழி இல்லாததால் கூடை ஊஞ்சல் மாதிரி தாறுமாறாக ஆடியது. உயிரோடு இறங்கிவிட்டார். உச்சியில் ஓர் ஓட்டை வைத்தால் ஆட்டம் குறையும் என்று பின்னால்தான் கண்டுகொண்டார்கள். 1799இல் அவருடைய மாணவி ழான் லாப்ரோஸ் குதித்தார், பாராசூட்டில் இறங்கிய முதல் பெண் அவர்தான்.

1802இல் லண்டனில் கார்னரின் இறங்கியதை வேடிக்கை பார்த்தவர்களில் ராபர்ட் காக்கிங் என்ற ஓவியரும் இருந்தார். அந்த ஆட்டம் அவர் மனதில் தங்கிவிட்டது. குடையைத் தலைகீழாக, கூம்பு மாதிரி அமைத்தால் ஆடாது என்று அவருக்கு ஒரு யோசனை. முப்பத்தைந்து வருடங்கள் காத்திருந்தார். 1837 ஜூலை 24 அன்று, தன் 61ஆவது வயதில், தானே வடிவமைத்த பாராசூட்டோடு ஒரு பெரிய பலூனில் தொங்கிக்கொண்டு மேலே போனார். ஏறத்தாழ 5,000 அடியில் விடுவித்துக்கொண்டார். குடை ஆடவில்லைதான். ஆனால் வேகமாகப் போய், உடைந்து, அவரைக் கொன்றது. பாராசூட் விபத்தில் இறந்ததாகப் பதிவான முதல் மனிதர் அவர். நூறு கிலோவுக்கும் மேலிருந்த அந்தச் சாதனத்தின் சொந்த எடையைத் தன் கணக்கில் சேர்க்க அவர் மறந்துவிட்டார் என்று சொல்கிறார்கள்.

இதைப் படித்த இரவு என் 89 ஞாபகத்துக்கு வந்தது. மடிக்கணினியை மூடிவிட்டுப் படுத்தேன்.

*

பாராசூட்டின் கதையைப் பெரும்பாலும் துணிச்சல்காரர்களின் கதையாகத்தான் எழுதுகிறார்கள். ஒருவர், ஓர் உயரம், ஒரு குதி. என் தேடலோ ஒரே குடையில் இரண்டு பேர் இறங்கிய முதல் கதைக்கானது. அது கிடைத்த இடம் நான் தங்கியிருந்த ஊரிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணம்தான்.

டாலி ஷெப்பர்ட் 1886இல் பிறந்தவர். பதின்வயதில், லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் ஒரு புகழ்பெற்ற இசைக்குழுவைக் கேட்க ஆசைப்பட்டு அங்கேயே பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்து பலூன் காட்சிகள் நடத்திய ஆகஸ்ட் கோட்ரானின் குழுவுக்குப் போனார். தரையில் சொல்லிக்கொடுத்த சொற்ப நேரப் பாடம்தான் பயிற்சி. அந்தக் காலத்துக் காட்சிகளில் ஹார்னஸ் கிடையாது. பலூனுக்குக் கீழே பாராசூட் மடிக்காமல் நீளமாகத் தொங்கும். அதன் அடியில் ஒரு கட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு, கால்களுக்கு நடுவே ஒரு பட்டையில் உட்கார்ந்த மாதிரி தொங்கியபடி மேலே போக வேண்டும். உயரம் வந்ததும் கயிற்றை இழுத்தால் பாராசூட் பலூனிலிருந்து பிரியும். கை தளர்ந்தால் கதை முடிந்தது.

1908 ஜூனில், ஸ்டாஃபோர்ட்ஷயரின் லாங்டனில், டாலியும் லூயி மே என்ற அனுபவம் குறைந்த தோழியும் ஒரே பலூனில், ஆளுக்கொரு பாராசூட்டோடு மேலே போனார்கள். லூயி கயிற்றை இழுத்தார். பிரியவில்லை. மறுபடி இழுத்தார், அசையவில்லை. பலூனோ ஏறிக்கொண்டே போகிறது. 10,000 அடிக்கும் மேல், குளிர், மூச்சு வாங்கும் உயரம். டாலியின் பாராசூட்டில் எந்தக் கோளாறும் இல்லை. நினைத்த நேரத்தில் கயிற்றை இழுத்துத் தனியாக இறங்கியிருக்கலாம்.

அவர் ஊசலாடி லூயியின் பக்கம் போனார். லூயியைத் தன் பட்டையிலிருந்து விலகி வரச் சொல்லி, கைகாலால் தன்னை இறுகக் கட்டிக்கொள்ள வைத்தார். ஒரு ஆளுக்காகத் தைத்த குடையில் இரண்டு பேர். கயிற்றை இழுத்தார். பாராசூட் தாமதமாக விரிந்தது, வேகமாக இறங்கியது. வயலில் மோதியபோது டாலி கீழே, லூயி மேலே. லூயிக்கு ஒன்றும் ஆகவில்லை. டாலியின் முதுகெலும்பு அடிபட்டு, வாரக்கணக்கில் அசைய முடியாமல் கிடந்தார். இனி நடக்கவே முடியாது என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். நடந்தார். அதன்பின் மறுபடி குதிக்கவும் செய்தார்.

இந்தப் பத்தியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. ஒரு குடை தாங்கும் எடை இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. காக்கிங் அந்தக் கணக்கில் தவறினார். டாலிக்குக் கணக்கு தெரியும், இரண்டு பேருக்கு இந்தத் துணி போதாது என்றும் தெரியும். தெரிந்தே இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொண்டார். மிச்சத்தைத் தன் முதுகால் ஈடுகட்டினார்.

*

முதுகெலும்பு போய்ச் செய்ததைப் பொறியியல் செய்ய எழுபது வருடங்களுக்கு மேல் ஆனது.

விழுகிற மனிதன் நினைவிழந்துவிடுவான், தானாகக் கயிற்றை இழுக்க முடியாது என்று முதல் உலகப்போர்க் காலத்திலும் பலர் நம்பினார்கள். 1919 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் லெஸ்லி இர்வின் விமானத்திலிருந்து குதித்து, கொஞ்ச நேரம் சும்மா விழுந்து, பிறகு தன் கையால் கயிற்றை இழுத்துக் காட்டினார். இறங்கும்போது கணுக்கால் உடைந்தது, நம்பிக்கையும் உடைந்தது. 1960களில் டாமினா ஜால்பர்ட் என்பவர் விமான இறக்கை மாதிரி காற்றால் நிரம்பும் அறைகள் கொண்ட துணியை உருவாக்கினார். வட்டக் குடை செவ்வகமானது, விழுவது ஓட்டுவதாக மாறியது. 1970களில் பில் பூத் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த மூன்று வளையங்களால் ஓர் அமைப்பைச் செய்தார். விரிந்த பாராசூட் சிக்கலானால், எவ்வளவு பாரம் தொங்கினாலும் ஒரே இழுப்பில் அதைக் கழற்றிவிட்டு ரிசர்வ் பாராசூட்டுக்குப் போகலாம்.

அதே பூத்தும், டெட் ஸ்ட்ராங் என்ற இன்னொரு வடிவமைப்பாளரும் 1980களின் தொடக்கத்தில் டேண்டம் கருவிகளைக் கொண்டுவந்தார்கள். உடனே பழைய பிரச்சினை தலைதூக்கியது: இரண்டாவது ஆளின் எடை. வயிறு தரையைப் பார்க்க விழும் ஒருவரின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டரில் நின்றுவிடும். காற்றின் எதிர்ப்பும் எடையும் அங்கே சமமாகின்றன. முதுகில் இன்னொருவரைக் கட்டினால் எடை இரட்டிக்கும், காற்றை எதிர்க்கும் பரப்போ ஏறக்குறைய அதேதான். வேகம் 300 கிலோமீட்டரை நெருங்கும். அந்த வேகத்தில் பாராசூட் விரிந்தால் துணியும் தாங்காது, உடம்பும் தாங்காது. தீர்வு ட்ரோக் எனப்படும் ஒரு குட்டிப் பாராசூட். வெளியேறிய சில நொடிகளில் பயிற்றுநர் அதைப் பின்னால் வீசுவார். விழும் நேரம் முழுக்க அது இழுத்துப் பிடித்து, இரண்டு பேரை ஒருவரின் வேகத்துக்குக் கொண்டுவரும். அதற்கப்புறம் விரிவது 300 சதுர அடிக்கும் மேலான துணி.

அமெரிக்க விதிகள் ஒரு பாராசூட் ஓர் ஆளுக்கு என்று எண்ணி எழுதப்பட்டவை. அதனால் 2001 வரை அங்கே டேண்டம் சிறப்பு விலக்கின் கீழ்தான் நடந்தது. டாலி ஷெப்பர்ட் இறந்தது 1983இல், இந்தக் கருவிகள் வானத்துக்கு வந்துகொண்டிருந்த காலத்தில்.

டேண்டம் குதித்தவர்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். 1944 செப்டம்பரில் பசிபிக் கடலுக்கு மேல் சுடப்பட்ட விமானத்திலிருந்து இருபது வயது ஜார்ஜ் புஷ் தனியாகக் குதித்தார். உடன் பறந்த இருவரும் பிழைக்கவில்லை. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியானார். 2014இல், கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தபோது, தன் 90ஆவது பிறந்தநாளுக்கு இன்னொருவரோடு கட்டப்பட்டு மறுபடி குதித்தார். அவர் அரசியல் மீது எனக்கு மரியாதை இல்லை. ஆனால் அந்த இரண்டு குதிகளுக்கும் நடுவே உள்ள எழுபது வருடங்களை யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

*

மூன்றாவது தேதிக்கு முந்தைய இரவு அம்மாவிடம் சொன்னேன். அதுவரை சொல்லவில்லை. போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “தனியாவா?” என்றாள்.

“இல்லம்மா, ஒருத்தரோட சேர்த்துக் கட்டிவிடுவாங்க. அவருக்கு எல்லாம் தெரியும்.”

“அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? பிள்ளைங்க இருக்கா?”

“அது எதுக்கும்மா?”

“வீட்டுக்குத் திரும்பிப் போகணும்னு நினைக்கிற ஆளான்னு தெரிஞ்சுக்கத்தான்.”

மறுநாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பெயர் கூப்பிட்டார்கள். ஹார்னஸ் மாட்டுவதற்கு முன் எடை மேடையில் ஏறச் சொன்னார்கள். ஏறும் முன்பே பயிற்றுநரிடம், “படிவத்தில் தப்பாக எழுதிவிட்டேன், 93” என்றேன். அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. முள் 93.5 காட்டியது. தன் தாளில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார். அலுவலகத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வேறொரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கு என் எடைதான் காரணமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. மிச்சக் கட்டணத்தைக் கட்டினேன்.

பட்டைகளை இறுக்கும்போது தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு என்று கொக்கிகள் சேரும் இடங்களைக் காட்டினார். அம்மாவின் கேள்வியை நான் கேட்டேன். இரண்டு மகள்கள் என்றார், சின்னவளுக்கு அன்று மாலை நீச்சல் வகுப்பு, ஐந்து மணிக்கு அவர்தான் அழைத்துப் போகணும்.

மணி அப்போது இரண்டரை. விமானத்தின் இன்ஜின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. இடது இடுப்புப் பட்டை கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்று சொன்னேன். குனிந்து, மறுபடி ஒருமுறை இழுத்து இறுக்கினார்.