ராஜநாயக்கன் ஏன் குருவாகவில்லை?

எங்க ஆயா ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்ததும், கேட்ட பிரசங்கத்தை அடுப்படியில உட்கார்ந்து திரும்பச் சொல்லும். அது அதிகமாகச் சொன்னது இதைத்தான்: "கர்த்தர் எந்த நெலமையில கூப்புட்டாரோ, அந்த நெலமையில தாழ்மையா இருக்கணும்டா." ஆயா பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டது. சனிக்கிழமை தவறாமல் கோயிலைப் பெருக்கியது. இரண்டையும் ஒரே மனசோடு செய்தது. அந்த மனசை நான் கேலி பேச மாட்டேன். ஆனால் அந்தப் பிரசங்கத்தை யார் யாருக்குச் சொன்னார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 7ஆம் அதிகாரம் 20ஆம் வசனத்தை வைத்துதான் இதைப் பேசுவார்கள். அடுத்த வசனத்தில், அடிமையாக இருப்பவனுக்கு விடுதலை கிடைக்குமானால் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்று பொருள்பட பவுல் எழுதுகிறார். எங்க ஊரில் நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் 20ஆம் வசனத்தோடு நின்றுபோயின.

'அழைப்பு' என்ற இந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் குருக்களுக்கும் துறவிகளுக்கும் மட்டுமே தேவ அழைப்பு என்றிருந்ததை மார்ட்டின் லூத்தர் மறுத்தார். செருப்புத் தைக்கிறவரின் வேலையும் வீட்டு வேலைக்காரியின் வேலையும் அழைப்புதான் என்றார். குருமாரின் உயர்வைக் கீழே இறக்கிய பேச்சு அது. ஆனால் 1525இல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்களை அடக்கச் சொல்லி எழுதியவரும் அதே லூத்தர்தான். ஆக, அந்தப் பேச்சு பிறந்த இடத்திலேயே இரண்டு பக்கமும் வெட்டியிருக்கிறது.

லூத்தரின் சபை தமிழ்நாட்டுக்கு வந்தது 1706இல். சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அந்தச் சபையில் சேர்ந்த ஒருவர்தான் ராஜநாயக்கன். பறையர் குலத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சை அரசரின் படையில் வேலை பார்த்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு கைக்குக் கிடைத்து, அதைத் தானே படித்து, யோசித்து லூத்தரன் சபைக்கு வந்தார். 1720களின் கடைசியில் உபதேசியார் ஆனார். ஐரோப்பிய மிஷனெரிகள் தாராளமாக நுழைய முடியாதிருந்த தஞ்சை நாட்டில் சபைகளை வளர்த்தவர் இவர்.

1733இல் ஆரோன் என்ற வேளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவில் புராட்டஸ்டண்ட் சபையின் முதல் இந்தியக் குரு அவர்தான். அடுத்த ஆளைத் தேடியபோது ராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. ஆனால் 1741இல் பட்டம் பெற்றவர் தியோகு. இவர் பறையர் அல்ல. ராஜநாயக்கனுக்கு அறிவு போதாது, பக்தி போதாது என்று யாரும் சொல்லவில்லை. அவர் கையால் நற்கருணை கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு அந்தச் சடங்கின் மேலேயே மதிப்புக் குறைந்துவிடும் என்று மிஷனெரிகள் அஞ்சினார்கள். இதை அவர்களே எழுதியும் வைத்தார்கள்.

1771இல் சாகும்வரை அவர் உபதேசியாராகவே இருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராக நடந்தார், பிரசங்கித்தார், வேதம் சொல்லிக் கொடுத்தார். இதைப் படிக்கிறவர்கள், 'பாருங்கள், என்ன தாழ்மை! கொடுத்த இடத்தில் நிறைவோடு இருந்தாரே' என்று மெச்சக்கூடும். இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். தேவன் அழைத்தார், அவர் போனார். அது அவருடைய தாழ்மை. பட்டம் மறுத்தது சபை. அந்த மறுப்பையும் தேவ அழைப்பின் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்? தாழ்மை தேவைப்பட்டது அவருக்கா, அவர் கையிலிருந்து அப்பம் வாங்கக் கூசியவர்களுக்கா? அவர்களைப் பார்த்து, 'தாழ்மையாகக் கை நீட்டி வாங்குங்கள்' என்று சொல்ல மிஷனெரிகளுக்குத் துணிவு வரவில்லை.

உழைப்பைத் தேவனுக்கென்று செய்வது வேறு, சாதி கொடுத்த இடத்தைத் தேவன் கொடுத்ததாக நம்புவது வேறு. முதலாவதை ஆயாவிடம் இருந்துதான் நான் படித்தேன். இரண்டாவதை ஆயா தலையில் ஏற்றியவர்கள் பிரசங்க பீடத்தில் நின்றவர்கள்.

ராஜநாயக்கன் கதையை ஆயாவுக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கே காலம் கடந்துதான் தெரிந்தது. தெரிந்தபோது ஆயா இல்லை. இருந்திருந்தால் அடுப்படியில் உட்கார்ந்து இந்தக் கதையையும் திரும்பச் சொல்லியிருக்கும். 21ஆம் வசனத்தையும் சேர்த்துத்தான்.