பெரஹெராவில் மத்தளம் அடிப்பவர்கள்

எங்க தாத்தா பறையடித்தவர். சாவு, திருவிழா, தண்டோரா எல்லாத்துக்கும் ஊர்த்தெருவிலிருந்து ஆள் வரும். போகாமல் இருக்க முடியாது. அப்பா தலையெடுத்ததும் அந்தப் பறையைப் பரணில் தூக்கிப் போட்டார். "இனிமே எவனாவது தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்" என்றார். இந்த நினைப்போடுதான் நான் சில வருடங்களுக்கு முன் கண்டி எசல பெரஹெரா பார்க்கப் போனேன்.

பௌத்த விழா. பார்ப்பான் இல்லை, மந்திரம் இல்லை, 'எட்டி நில்லு' இல்லை. இப்படித்தான் மனசுக்குள் ஒரு குதூகலம். ராத்திரி நடைபாதையில் ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்தேன். முதலில் சாட்டை சொடுக்குகிறவர்கள் வந்தார்கள். பிறகு கொப்பரைத் தேங்காய் எரியும் தீவட்டிகள், ஆட்டக்காரர்கள், வரிசை வரிசையாக மத்தளக்காரர்கள். அடி நெஞ்சுக்குள் விழுந்தது. அப்புறம் தந்தம் நீண்ட யானைமேல் தாதுப் பேழை. யானை மண்ணில் மிதிக்கக் கூடாதென்று முன்னால் வெள்ளைத்துணி விரித்துக்கொண்டே போகிறார்கள். அதற்குப் பெயர் பாவாட. நம்ம பாவாடைதான். எல்லோரும் "சாது, சாது" என்றார்கள். நானும் சொன்னேன்.

கூட வந்த மலையகத்து அண்ணன் காதுக்குள் கேட்டார்: "துணி விரிக்கிறது யாருன்னு தெரியுமா?" தெரியாது என்றேன். "ரதா. நம்ம ஊர்ல வண்ணார். மத்தளம் பெரவா. அது யாருன்னு நான் சொல்லத் தேவையில்ல."

மறுநாள் காலையில் அவர் ஒரு வயதான மத்தளக்காரரிடம் அழைத்துப் போனார். அவர் ஒரு தேவாலயத்து நிலத்தில் இருப்பவர். அண்ணன்தான் மொழிபெயர்த்தார்.

"எத்தனை தலைமுறையா அடிக்கிறீங்க ஐயா?"

"யாரு எண்ணினா? நிலம் கோயிலோடது. நிலம் வேணும்னா முறை செய்யணும்."

"பையன்?"

"கொழும்புல வேலை. முறை வந்தா லீவு போட்டு வருவான். வராட்டி காசு கொடுத்து வேற ஆள் பிடிக்கணும்."

"உங்க பிள்ளைங்க பிக்கு ஆகலாமா?"

"ஆகலாமே" என்று சிரித்தார். "வேற நிகாயவுல."

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பெரஹெரா ஆதியில் தேவாலயங்களின் ஊர்வலம். நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி என நான்கு தேவாலயங்கள் இன்றும் அதில் வருகின்றன. அதன் தலையில் புத்தரின் பல்லை வைத்தது கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் (1747–1782). அவன் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழி. அவன் ஆட்சியில்தான் 1753-இல் சயாமிலிருந்து உபாலி தேரர் வந்து, அற்றுப்போயிருந்த உபசம்பதாவை மீட்டுக் கொடுத்தார். சியாம் நிகாய பிறந்தது. கொஞ்ச காலத்திலேயே அந்த உபசம்பதா கொவிகம சாதிக்கு மட்டும் என்றாகிவிட்டது. புத்தரின் சங்கத்துக்கு வாசலில் சாதி காவல்!

கரையோரச் சாதிகள் சும்மா இருக்கவில்லை. 1799-இல் சலாகம சாதியைச் சேர்ந்த ஞானவிமல தேரர் பர்மாவின் அமரபுரத்துக்குக் கப்பலேறினார். உபசம்பதா பெற்று 1803-இல் திரும்பினார். அமரபுர நிகாய அப்படி வந்தது. அதை ஒரு கலகம் என்றே நான் வாசிக்கிறேன்.

சாதிக்கேற்ற கட்டாய ஊழியத்துக்கு ராஜகாரிய என்று பெயர். வெள்ளைக்காரன் அதை 1832-இல் ஒழித்தான். கோயில் நிலங்களை மட்டும் விட்டுவிட்டான். 1870 சட்டம் ஊழியத்துக்குப் பதில் பணம் கட்டலாம் என்றது. கோயில் குடிக்கு அங்கே நிலக்காரயா என்று பெயர், அவன் துண்டுக்குப் பங்குவ. இந்தச் சொற்களைக் கேட்டபோது எங்க ஊரில் நிற்பது போலவே இருந்தது.

அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் இதே தீவுக்கு வந்து கொழும்பில் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பிப் போய்ச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். தீபாவளியையும் கார்த்திகைத் தீபத்தையும் பௌத்த விழாக்களாகவே திருப்பி எழுதினார். விழா யாருடையது என்பது அவருக்கு வேடிக்கைப் பேச்சல்ல. அம்பேத்கர் 1950-இல் உலக பௌத்தர் மாநாட்டுக்கு இங்கே வந்தார். ஆறு வருடம் கழித்து, 1956 அக்டோபர் 14-இல், நாகபுரியில் சந்திரமணி தேரரிடம் தீட்சை பெற்றார். அதன்பின் லட்சக்கணக்கான மக்களுக்குத் தீட்சையையும் 22 உறுதிமொழிகளையும் தானே கொடுத்தார், எந்த நிகாயவின் வாசலிலும் அவர்களைக் காத்திருக்க வைக்காமல். கண்டியைப் பார்த்தபிறகுதான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது.

கிளம்பும்போது பெரியவர் மத்தளத்தை என் பக்கம் நகர்த்தினார். "அடிச்சுப் பாருங்க." அடித்தேன். தாளம் வரவில்லை. அவர் என் கையைப் பிடித்து எங்கே தட்டணும் என்று காட்டினார். அருமையான கலை, அருமையான மனுஷன். அப்பாவுக்குப் பறைமேல் என்றைக்கும் கோபம் இருந்ததில்லை என்று அப்போது தோன்றியது. கூப்பிட்டால் போயே ஆகணும் என்பதுதான் அவரால் தாங்க முடியாதது.

ஊர் திரும்பினேன். எங்கள் சேரியில் புத்த பூர்ணிமா கொண்டாடுகிறோம். மேடையில் நாம்தான் பேசுகிறோம். ஆனால் போன தடவை மேளத்துக்கு யாரைக் கூப்பிட்டோம்? எச்சில் இலையை எடுக்க எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்பினோம்? சக்கிலியர் தெருவுக்குத்தான். தோழர்களே, கண்டியைப் பற்றிப் பேசிவிட்டு இதைப் பேசாமல் விட எனக்கு மனசு வரவில்லை.