கடிதம் வந்தது, எழுத்து வரவில்லை

1984-இல் ஐஎஸ்ஓ வெளியிட்ட ஓஎஸ்ஐ மாதிரியில் ஏழு அடுக்குகள். அனுப்புபவரும் பெறுபவரும் தரவை ஒரே மாதிரி புரிந்துகொள்ள வைப்பது ஆறாவது அடுக்கு. இணையம் ஓடுவதோ டிசிபி/ஐபி நெறிமுறைகளில். அங்கே இந்த அடுக்கு தனியாக இல்லை; அந்தப் பொறுப்பு மென்பொருளின் தலையில். ‘இதெல்லாம் தேர்வுக்கு மட்டும்தானே?’ என்று மாணவர் கேட்டால் நம்ம ஊர்க் கதையையே சொல்லலாம்.

கிளமெண்டிக்குப் பக்கத்தில், கெண்ட் ரிட்ஜிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் கற்பித்த நா. கோவிந்தசாமியும் சேர்ந்து உழைத்ததில், 1995-இல் தமிழ்க் கவிதைகள் வலையேறின. பைட்டுகள் ஒழுங்காத்தான் போய்ச் சேர்ந்தன. ஆனா அந்தக் காலத்தில் ஒரே எண்ணுக்கு ஒவ்வொரு எழுத்துருவிலும் ஒவ்வொரு எழுத்து! உரிய எழுத்துரு இல்லாதவர் திரையில் வெறும் கிறுக்கல். ஐபியைக் குறை சொல்ல முடியாது, அதற்கு எண்கள்தான் தெரியும். 1997 மே மாதம் அதே பல்கலைக்கழகத்தில் கூடிய ‘தமிழ்நெட் 97’ மாநாட்டுக்கும் இதுதான் பெரிய தலைவலி.

பிறகு யூனிகோடு பரவி, எழுத்துக்கு ஒரே எண் என்றானது. 2011-இல் ‘.சிங்கப்பூர்’ என்ற முகவரியும் வந்தது. உலாவி அதை ஆங்கில எழுத்துகளாக மாற்றித்தான் டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. கீழே ஐபியும் கேபிளும் பழைய வேலையையே பார்க்கின்றன.